கதவைச் சாத்திக் கேட்ட பாட்டு

என் அப்பா மலேசியாவில் கெமாஸ் ரயில் நிலையத்தில் டிக்கெட் பார்க்கிற வேலையில் இருந்தவர். டிக்கெட் இல்லாமல் வருகிறவனை அவன் நடக்கிற நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். "மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்" என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். அவரிடமிருந்து நகைநட்டு பெரிதாக ஒன்றும் எனக்கு வரவில்லை. சந்தேகம் மட்டும் குறைவில்லாமல் வந்து சேர்ந்தது. கல்யாணமாகித் தம்பினுக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்துக்கு வந்தபோது, பெட்டியில் புடவைகளோடு அதையும் மடித்து வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அவர் அம்மா இருந்த அதே லயத்து வீடுதான் எங்களுக்கும் கிடைத்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள், நடுவில் பலகைத் தடுப்பு. அந்தத் தடுப்பும் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் நம் வீட்டில் தும்மல் வரும்.

பெண் பார்க்க வந்தபோது தரகர் எல்லாம் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். அவர் அம்மா இறந்தபோது பழுது பார்த்த ஒரு கப்பலோடு கடலில் இருந்திருக்கிறார். தந்தி அவர் தங்கியிருந்த அறையில் கிடந்தது, ஆள் கடலில் கிடந்தார். வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சிங்கப்பூரே வேண்டாம் என்று தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, தங்கமான பையன் என்றார் தரகர்.

"தங்கமா இருந்தா சிங்கப்பூர் ஏன் விட்டுச்சு?" என்று கேட்டார் அப்பா. தரகர் சிரித்து மழுப்பினார். அந்தக் கேள்வி என் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

வந்த முதல் வாரத்திலேயே வாக்மேனைப் பார்த்துவிட்டேன். வேலை முடிந்து வந்து, குளித்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பின்பக்கச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்துகொள்வார். காதில் அதை மாட்டிக்கொண்டால், கேசட்டின் ஒரு பக்கம் முடிகிறவரை அசையமாட்டார். பக்கத்தில் போய் நின்றால்கூடத் தெரியாது. ஒருநாள் கண் கலங்கியிருந்தது.

"என்ன பாட்டுங்க?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ் பாட்டுலா."

"யாரு பாடுறா?"

"ஒரு பொம்பள."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கேசட்டை எடுத்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னை அலமாரிக்கு மேலே வைத்தார். அதன் மேல் பழைய துணி ஒன்றைப் போட்டு மூடினார். பாட்டுக் கேசட்டுக்கு எதற்குப் போர்வை? கேசட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் ஓர் எழுத்தும் இல்லை. பாசார் கடையில் வாங்குகிற கேசட் என்றால் அட்டையில் படம் இருக்கும், பெயர் இருக்கும். இது மொட்டையாக இருந்தது.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்துக் காதில் மாட்டினேன். முதலில் ஆர்மோனியத்தின் துருத்தியை அழுத்தியபடியே விட்டுவிட்டது மாதிரி ஒரு தடித்த ஓசை. அது முடியவே இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு மணி. பிறகு அவள் வந்தாள். குரல் அவ்வளவு கீழே இருந்ததால் ஆண்பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறினாள். கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல ஒவ்வொரு இழுப்பும் சுற்றிச் சுற்றித் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள், பிறகு இன்னொருத்தி. எனக்குத் தெரிந்த பாட்டென்றால் சினிமாப் பாட்டு. பல்லவி இருக்கும், சரணம் இருக்கும், யாராவது யார் பின்னாலாவது ஓடுவார்கள். இதில் யாரும் எங்கும் ஓடவில்லை. அவசரமே இல்லாமல் அழுதார்கள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். கண்ணீருக்குச் சாக்கு வேண்டுமே.

இது கடையில் விற்கிற பாட்டே இல்லை என்று முடிவு கட்டினேன். சிங்கப்பூரில் எவளோ ஒருத்தி இருந்திருக்கிறாள். இவர் விட்டுவிட்டு வரும்போது அக்கா தங்கைகளைக் கூட்டி வைத்து அழுது, அதைப் பதிவு பண்ணிக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இவரும் தினம் ஒருமுறை கேட்டுப் பத்தியம் மாதிரிக் காப்பாற்றி வருகிறார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் வந்தது.

இருந்தாலும் ஒரு சாட்சி வேண்டும் என்று பட்டது. தோட்டத்து மருத்துவ விடுதியில் மருந்து கொடுப்பவரின் மனைவி யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கிலீஷ் படித்தவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிறவர். வாக்மேனை லோரிக்கு எடுத்துப் போக அவர் மறந்த ஒருநாள் காலை, தலைவலி என்று சொல்லிக்கொண்டு அதுவும் கையுமாக அவரிடம் போனேன். அவர் தாடையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"இது இங்கிலீஷ் இல்லைப் பிள்ளை."

"மலாய் பாஷையா?"

"இல்லை."

"சீனமா இருக்குமா?"

"எந்தப் பாஷையும் இல்லை. சும்மா வாயால ஓசை போடுறா. நாங்கள் சேர்ச்சில பாடுற மாதிரித்தான் தொடங்குது, ஆனா ஆண்டவரை ஒரு இடத்திலயும் கூப்பிடேல்லை." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கட ஆளோ இதைக் கேக்கிறவர்?"

அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. எனக்குப் பிடிக்காத சாமான் அது. மாத்திரையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். இங்கிலீஷ் என்று சொன்னாரே, பொய்தானே? எந்தப் பாஷையும் இல்லை, சாமி பெயரும் இல்லை என்றால் வேறு என்ன? மந்திரம்தான். அவள் யாரோ ஒரு மலாய் மந்திரவாதியிடம், போமோவிடம் போய் ஓதி வாங்கியிருப்பாள். அன்றைக்கே ஓர் எலுமிச்சம்பழத்தை மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்து டின்னுக்குள் கேசட்டின் பக்கத்தில் போட்டு வைத்தேன்.

சாயங்காலம் டின்னைத் திறந்தவர் பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

"எனக்கு என்னங்க தெரியும்?"

அவர் அதைக் கத்தியால் அறுத்து, தண்ணீரில் பிழிந்து, சீனி போட்டுக் குடித்துவிட்டார். எனக்கும் பாதி கொடுத்தார்.

அதன் பிறகு தினமும் அவர் குளிக்கிற நேரமெல்லாம் என் நேரம். துண்டு துண்டாக அந்தக் கேசட் முழுவதையும் கேட்டுவிட்டேன். ஒன்றில் மத்தளம் மாதிரி ஏதோ மெதுவாக நடந்து போகும். ஒன்று தாலாட்டு மாதிரி வரும், ஆனால் எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டுத் தூங்காது. மூன்றாவதில் பாடத் தொடங்கும் முன் அவள் ஒரு மூச்சு எடுப்பாள். அந்த மூச்சுத்தான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. வயிறு எரிந்தது. என் மூச்சு இவருக்கு எப்படி இருக்கும் என்று தெரியுமா? என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். குழம்பு காரம் என்றாலும் சாப்பிட்டார், தம்பினுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் என் முன்னால் ஒருமுறைகூடக் கண் கலங்கியதில்லை. அதெல்லாம் அவளுக்கு.

மூன்றாவது பாட்டின் நடுவில் அவள் முணுமுணுப்பாள். அதற்குள் ஏதோ ஒரு பெயர் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அது இவர் பெயராக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிக் கெமாஸ் போய்விடுவது என்று தீர்மானித்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதைக்கூட யோசித்து வைத்துவிட்டேன்.

அதற்கான நாள் வந்தது. வாக்மேனில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கேசட்டை டின்னில் விட்டுவிட்டு அவர் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிருந்தார். கல்யாணச் சீராக என் மாமா கொடுத்த பெரிய ரேடியோ கேசட் பெட்டி முன் அறையில் இருந்தது. முன் கதவைச் சாத்தினேன், பின் கதவைச் சாத்தினேன், ஜன்னல்களையும் இழுத்துக் கொக்கி போட்டேன். சத்தத்தை முழுக்கத் திருகி வைத்து, ஒலிபெருக்கியில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைத்ததாம். தடுப்புக்கு மேலே ஆள் தலை போகிற அளவு இடைவெளி இருப்பது அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை.

எங்கள் லயத்தில் சாவுச் செய்தியை யாரும் வந்து சொல்வதில்லை. அழுகைதான் செய்தி. ஒரு வீட்டிலிருந்து பெண்ணின் ஓலம் கேட்டால் மற்றப் பெண்கள் அடுப்பை அணைத்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு ஓடி வருவார்கள். வந்தவுடன் கட்டிப் பிடித்து அழ வேண்டும். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று வாசலில் நின்று கேட்பது பெரிய குற்றம். முதலில் அழுகை, கேள்வியெல்லாம் பிறகு. பட்டப்பகலில் கதவைச் சாத்திய வீட்டுக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய ஓலம் வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

மூன்றாவது பாட்டு தொடங்கி, அவள் மூச்சு எடுத்து, முணுமுணுப்பு வருகிற இடம். கதவு படபடவென்று அதிர்ந்தது. பெட்டியை நிறுத்தி, கேசட்டைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை தலைவிரி கோலமாக நின்றார். என் மாமியாருக்கு உயிர்த் தோழியாக இருந்தவர். பின்னால் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். நான் வாயைத் திறக்கும் முன் அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அடி ராசாத்தி, உன் பூவும் பொட்டும் போச்சேடி."

எனக்கு உடனே லோரிதான் கண்ணில் வந்தது. ஆலைக்குப் போகிற தார்ச் சடக்கில் ஒரு பெரிய இறக்கம் உண்டு. லோரி கவிழ்ந்துவிட்டது, செய்தி இவர்களுக்கு முதலில் வந்திருக்கிறது, எனக்குச் சொல்ல வந்திருக்கிறார்கள். நானும் கேட்கவில்லை. அத்தையையும் இழுத்துக்கொண்டு தரையில் சரிந்து அவர் மடியில் விழுந்தேன். அப்படி ஓர் அழுகையை நான் என் வாழ்நாளில் அழுததில்லை. சிங்கப்பூர்க்காரி, மந்திரம், பெயர் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எவளோடு வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், எத்தனை கேசட் வேண்டுமானாலும் கேட்கட்டும், உயிரோடு வீடு வந்தால் போதும் என்று அந்த மடியில் கிடந்து நினைத்தேன். என் அழுகையைப் பார்த்து அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிருக்கும். வட்டமாக உட்கார்ந்து தோள்மேல் கை போட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள்.

வெளியே ஆண்கள் அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். பூசாரி கோயில் கதவை இழுத்துப் பூட்டிவிட்டார். பால்வாடிக் கொட்டகையிலிருந்து பெஞ்சு வந்தது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்குச் சொல்ல ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஆபீசுக்குப் பறந்தார்.

அந்த நேரத்தில்தான் என் கணவர் லோரியைச் சடக்கு ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். கோயில் பூட்டிக் கிடக்கிறது. தன் வீட்டு வாசலில் பெஞ்சு, கூட்டம். உள்ளே ஒப்பாரி. பெஞ்சு தூக்கி வந்த ஒருவர் இவரைப் பார்த்ததும் பெஞ்சைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டாராம். பேயைப் பார்த்ததுபோல எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் இங்கே நிற்கிறார். அப்படியென்றால் உள்ளே கிடப்பது யார்?

ஓடி வந்தவர் வட்டத்தின் நடுவில் அத்தை மடியில் குப்புறக் கிடந்த என்னைத்தான் பார்த்தார். அப்படியே வாசற்படியில் விழுந்தார். "போயிட்டியா, என்னை விட்டுட்டு நீயும் போயிட்டியா" என்று அவர் கத்திய சத்தத்தில் பெண்களின் ஒப்பாரி நின்றுவிட்டது.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். தலையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, இழவு வீட்டில் கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"அப்ப செத்தது யாரு?"

அழ வந்த அவர்களுக்குத்தானே அது தெரிந்திருக்க வேண்டும்.

"நீ எதுக்குடி அழுத?"

"நீங்க அழுதீங்க, அதான் அத்தை."

"நாங்க நீ அழுதேன்னுல்ல அழுதோம்."

"நான் அழல."

"பின்ன பத்து வீட்டுக்குக் கேக்குற மாதிரி கூரையைப் பிரிச்சது யாரு?"

வேறு வழியில்லாமல் இடுப்பிலிருந்து கேசட்டை எடுத்தேன். என் கணவர் அதைப் பார்த்தார், மூடியிருந்த ஜன்னல்களைப் பார்த்தார், அலமாரி மேலிருந்த டின்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கையாலேயே அதைப் பெட்டியில் போட்டு ஓடவிட்டார்.

அந்தப் பெண்கள் எல்லாரும் ஒப்பாரி தெரிந்தவர்கள். குறை சொல்லாமல் கேட்டார்கள். அந்தக் கீழ்க்குரல் எழுந்து சுற்றிச் சுற்றி வந்தபோது ஒருத்தி தன்னை அறியாமல் ஆடிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருக்காரி? எத்தன பேரு அழுவுறாங்க?" என்று கேட்டார் அத்தை.

"ஒருத்திதான் சின்னம்மா. வெள்ளக்காரி. முன்ன ஒரு பாட்டுக் கோஷ்டியோட பாடிக்கிட்டு இருந்தாளாம். அப்புறம் பிரிஞ்சு வந்து தனியா பாடுனது இது. அவ குரல் மேலயே அவ குரலைப் போட்டுப் போட்டு நாலு பேரு மாதிரி பண்ணியிருக்கா" என்று அத்தைக்குப் பதில் சொன்னார் என் கணவர்.

சிங்கப்பூரில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த சீனப் பையன்தான் அதைக் கொடுத்தானாம். எப்போதும் கறுப்புச் சட்டை, நகத்தில் கறுப்புச் சாயம், கண்ணில் மை. ஆண்பிள்ளை மை வைப்பானா என்று எனக்கு அந்த நிலைமையிலும் ஒரு கேள்வி எழுந்தது, அடக்கிக்கொண்டேன். தந்தியை வாங்கி வைத்திருந்தவன் அவன்தான். கடலிலிருந்து வந்தவரிடம் தந்தியைக் கொடுத்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் தான் கேட்கிற பாட்டைப் பதிவு பண்ணிக் கொடுத்திருக்கிறான்.

"அம்மாவுக்கு நான் வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றார் என் கணவர். அத்தையைப் பார்த்து மட்டும் சொன்னார். "நீங்க கோப்பி போட்டுக் குடுத்தீங்க. எல்லாரும் சாதாரணமா பேசுனீங்க. யாராவது என்னைக் கட்டிப் பிடிச்சு அழுவாங்கன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ஒருத்தரும் அழல. எனக்கும் தனியா அழ வரல. இவ அழுதா கூட அழ வருது சின்னம்மா. அவ்வளவுதான்."

சாவு வீட்டுக்கு உறவு ஒவ்வொன்றாக வந்து சேரும்போது பெண்கள் புதிதாக அழுவார்கள். காரியம் முடிந்து விளக்கேற்றிய பிறகு அந்த வீட்டில் யாரும் அழக்கூடாது, அழுதால் இன்னொரு சாவு வரும் என்பார்கள். அதனால் தாமதமாக வந்த அவரோடு சேர்ந்து யாரும் அழவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிதான். பெண் பார்க்க வந்த அன்றே தரகர் சொல்லிவிட்டார். நான் சிங்கப்பூரை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

அத்தை பெட்டியைக் காட்டி, "அவள நிறுத்து. பாவம், எத்தன நாளா தனியாவே அழுவுறா" என்றார்.

நிறுத்தினேன்.

"ஒப்பாரி வச்சாச்சு, எப்படியும் குளிக்காம அடுப்பங்கரைக்குப் போக முடியாது. இங்க வா ராசா."

அவரை வட்டத்துக்குள் இழுத்து உட்கார வைத்து, என் மாமியாருக்காக அத்தை குரல் எடுத்தார். நான் பார்த்திராத அந்த அம்மா எப்படி ரப்பர்ப் பால் வாளி தூக்கினார், மகன் சிங்கப்பூருக்குப் புறப்பட்ட அன்று எந்த மரத்தடியில் நின்றார் என்றெல்லாம் அதில் வந்தது. மருமகள் வந்திருக்கிறாள், கெமாஸ்காரி, வீட்டு டின்னையெல்லாம் திறந்து திறந்து பார்க்கிறாள், நீ இருந்து கண்டிக்கக் கூடாதா என்றும் வந்தது. தடுப்புக்கு மேலே இடைவெளி இருக்கிறதே. என் கணவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகையின் நடுவில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு லயத்துப் பொதுக் குழாயில் எல்லாரும் வரிசையாக நின்று குளித்தோம். யாரும் சாகாத சாவுக்கு நீர் தெளித்துக் கோயிலைத் திறக்கலாமா என்று பூசாரி கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்று அத்தை அதட்டினார்.

பொழுது சாய்கிற நேரம். பின்பக்கப் படியில் அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். வாக்மேன் உள்ளேயே இருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கூட்டத்தைப் பாத்ததும் நான் செத்துட்டேன்னுதானே நெனச்சீங்க?"

"ஆமா."

"அப்ப மனசுல என்ன வந்துச்சு? உண்மையைச் சொல்லணும்."

அவர் செம்பனைக் கன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் அழுகை முடியல, இந்தத் தடவையாவது நேரத்தோட வந்துட்டேன்னு வந்துச்சு."

அவர் தலை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. முந்தானையை எடுத்துத் துவட்டிவிட்டேன்.